பொதியில் வந்த பிறேக்குத் தட்டு



நுவரெலியாவிலே கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு, லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளையை நோக்கி இறங்கும் ஒரு கெப் வாகனத்தை உங்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கின்றது. கம்பளையின் உயரம் ஏறத்தாழ 500 மீற்றர். ஆகவே அந்த வண்டி இரண்டு மணித்தியாலங்களுக்குள் 1,300 மீற்றர் கீழே இறங்குகின்றது. வண்டியும் சுமையும் சேர்ந்து 3,000 கிலோகிராம் எனக் கொள்வோம். இந்த இறக்கத்தில் அது இழக்கும் சக்தி 3 கோடியே 80 இலட்சம் யூல். இப்படிப்பட்ட எண்கள் ஒரு செவியிற் புகுந்து மறு செவியால் வெளியேறிவிடும். ஆதலால் வேறு விதமாகச் சொல்கிறேன். கிணற்றிலிருந்து மொண்ட தண்ணீர் 120 லீற்றரை அடுப்பேற்றிக் கொதிக்கச் செய்வதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அவ்வளவு வெப்பம் அது.

அந்த வெப்பத்தில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். சாரதி விவேகமுள்ளவராகக் கீழ்க் கியரில் இறக்குவாராயின், இயந்திரமும் ஒரு நல்ல பங்கை ஏற்றுக்கொள்ளும். மிகுதி அத்தனையையும் தாங்கவேண்டியவை பிறேக்குகளே. பிறேக்குகளிலும் பின்சில்லுகளைவிட முன்சில்லுகளுக்கே பாரம் அதிகம். மிதியை அழுத்தியவுடன் வண்டி தலைகுனிவதை நாம் எல்லோரும் அறிவோம். ஆக, முன்சில்லுகளின் உள்ளே யார் கண்ணிலும் படாமல் சுழன்றுகொண்டிருக்கும் இரண்டு வார்ப்பிரும்புத் தட்டுகளையே அந்த வண்டியும், அதன் சாரதியும், பக்கத்தில் இருக்கும் உதவியாளும், எதிரே வரும் பாடசாலைப் பிள்ளைகளும் நம்பியிருக்கிறார்கள். ‘டிஸ்க்’ என்றும் ‘ரோட்டர்’ என்றும் கடைகளில் வழங்கப்படும் அந்தத் தட்டுகளைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். குறிப்பாக, கடைக்குச் செல்லாமல் இணையத்தின் வாயிலாகக் கட்டளை அனுப்பி அவற்றைத் தருவிப்போர் எவற்றைக் கவனிக்கவேண்டும் என்பதே என் பேச்சின் நோக்கம்.

தட்டுப் பிறேக்கு புதிய கண்டுபிடிப்பன்று. பேர்மிங்ஹாம் நகரிலே மோட்டார் வண்டி செய்துவந்த பிரெடரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அது உலகின் கவனத்தை ஈர்த்தது 1953இல், பிரான்சின் லெ மான் நகரில் நடந்த இருபத்துநான்கு மணி நேர ஓட்டத்தில், தட்டுப் பிறேக்குப் பூட்டிய ஜகுவார் வண்டி வெற்றி பெற்றபோதுதான். உருளைப் பிறேக்கிலே வெப்பம் மூடிய பாத்திரத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும். தட்டுப் பிறேக்கிலோ தட்டு வெளிக்காற்றில் நின்று சுழல்கின்றது. இக்காலத்து முன்சில்லுத் தட்டுகள் இரண்டு தட்டுகளை ஒட்டி, நடுவே காற்றோடும் வாய்க்கால்கள் விட்டு வார்க்கப்பட்டவை. பெரிய லொறிகள் பல இன்றும் உருளைப் பிறேக்குடனேயே ஓடுகின்றன. நான் சொல்லப்போவது கெப் முதலிய சிறு பாரவாகனங்களைப் பற்றியது.

தட்டு ஏன் தேய்கின்றது என்று கேட்கவேண்டியதில்லை. இரு பக்கமும் உராய்வுக் கட்டைகள் நெரிக்க நெரிக்க, இரும்பு சிறிது சிறிதாகக் கரைகின்றது. எவ்வளவு தேய்ந்தால் மாற்றவேண்டும் என்பதே கேள்வி. அதற்கு விடை தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது. தட்டின் நடுக்குமிழின் பக்கத்திலோ ஓரத்திலோ, குறைந்தபட்சத் தடிப்பு இவ்வளவு என மில்லிமீற்றரில் ஓர் எண் இருக்கும். புதிதாக இருக்கையில் 28 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு தட்டுக்கு 26 என்பது எல்லையாக இருக்கலாம். இரண்டு மில்லிமீற்றர்தானே என்று எண்ணத் தோன்றும். தட்டின் வேலை உராய்வது மட்டுமன்று, வெப்பத்தைத் தன்னுள் வாங்கி வைத்து ஆறுதலாக வெளிவிடுவதுமாகும். அதே 3,000 கிலோகிராம் வண்டியை மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்தினால், எட்டுக் கிலோகிராம் நிறையுள்ள முன்தட்டு ஒவ்வொன்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ 70 பாகை உயரும். இரும்பு குறையக் குறைய அந்த உயர்வு கூடும். எல்லை கடந்து தேய்ந்த தட்டு வெடிக்கவும் கூடும்.

அளக்கும்போது ஒரு நுட்பம் உண்டு. கட்டை படாத வெளிவிளிம்பு தேயாமல் கறள்பிடித்து ஒரு வரம்புபோல் உயர்ந்து நிற்கும். வேணியர் இடுக்கியை வெளியிலிருந்து பிடித்தால் அந்த வரம்பையே அது அளந்து, ‘இன்னும் நல்லாயிருக்கிறது’ என்று பொய் சொல்லும். தேய்ந்த பகுதியின் இரு புறத்திலும் ஒவ்வொரு நாணயத்தை வைத்து அளந்து, பின்பு நாணயங்களின் தடிப்பைக் கழித்துவிடவேண்டும். நுண்மானித் திருகுக் கணிச்சி இருந்தால் இந்தச் சிரமமும் இல்லை.

முன்பெல்லாம் தட்டுத் தேய்ந்தால் செய்வது ஒன்றே. பழைய தட்டைக் கழற்றிச் சாக்கிலே சுற்றிக்கொண்டு கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போவார்கள். அங்கே கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, ‘எத்தனையாம் ஆண்டு வண்டி? இரண்டு சில்லு இழுவையா, நாலு சில்லு இழுவையா? யப்பானில் செய்ததா, தாய்லாந்தில் செய்ததா?’ என்று வரிசையாக வினவுவார். பின்பு பரணிலிருந்து ஒன்றை இறக்கி, பழையதன்மேல் புதியதை வைத்துத் துளைகள் பொருந்துகின்றனவா எனப் பார்ப்பார். அந்தக் கேள்விகளுக்கு அவர் தனியே காசு வாங்குவதில்லை. தட்டின் விலையோடு அந்த அறிவும் சேர்ந்தே கிடைத்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் வழி திறக்கும்வரை, இருந்த வாகனங்களையே இழுத்துப்பிடித்து ஓட்டவேண்டியதாயிற்று. பழைய வாகனங்களுக்குப் பாகங்கள் தேவைப்பட்டன. கடையில் இல்லாததைக் கைத்தொலைபேசியிலே தேடத் தொடங்கினார்கள். பதுளையிலோ பளையிலோ இருந்துகொண்டு, படத்தைப் பார்த்து, விலையை ஒப்பிட்டு, விரலால் ஒரு தடவை தொட்டால், சில நாட்களில் பொதி வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றது. கொழும்புக்குப் போய்வரும் செலவும் ஒருநாட் கூலியும் மிச்சம். இதைக் குறைசொல்ல நான் வரவில்லை, நல்ல வசதிதான். ஆனால் பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் கேட்ட கேள்விகளை இப்போது யார் கேட்பது? கைத்தொலைபேசி கேட்காது. வாங்குபவரே தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

முதலாவதாக, வாகனத்தின் பெயரையும் ஆண்டையும் மட்டும் நம்பிக் கட்டளை அனுப்புதல் ஆகாது. ஒரே பெயருடைய கெப், ஒரே ஆண்டிலே, இரு வேறு அளவுத் தட்டுகளுடன் வெளிவந்திருக்கக்கூடும். இழுவையின் வகை, இயந்திரத்தின் அளவு, எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பன தட்டின் விட்டத்தை மாற்றிவிடும். இதற்கு நம்பகமான வழிகாட்டி அடிச்சட்ட இலக்கமே. இதிலும் நம் நாட்டவர்க்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கின்றது. உலகச் சந்தைக்கான வண்டிகளின் அடிச்சட்ட இலக்கம் பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்டது. யப்பானின் உள்நாட்டுப் பாவனைக்கெனச் செய்யப்பட்டுப் பின்பு இங்கே கொண்டுவரப்பட்ட வண்டிகளின் இலக்கம் அதைவிடக் குறுகியது, அமைப்பும் வேறு. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உள்ள விற்பனைத் தளங்கள் பல, பதினேழு இல்லாவிட்டால் ‘இலக்கம் பிழை’ என்று கூறி, பெயரைக்கொண்டு தேடும்படி நம்மைத் திருப்பிவிடும். அந்த இடத்திலேதான் பிழையான தட்டு பொதிக்குள் ஏறுகின்றது. அத்தகைய வண்டியை வைத்திருப்பவர், உற்பத்தியாளரின் பாக இலக்கத்தை யப்பானியப் பாகப் பட்டியலிலிருந்து முதலில் கண்டறிந்து, அந்த இலக்கத்தைக் கொண்டே தேடவேண்டும்.

பாக இலக்கம் ஒத்திருந்தாலும் அளவுகளையும் ஒப்பிடுதல் நன்று. தட்டின் வெளிவிட்டம், தடிப்பு, சில்லாணித் துளைகளின் எண்ணிக்கை, அத்துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், நடுத்துளையின் விட்டம், தட்டின் மொத்த உயரம் ஆகிய ஆறையும் நல்ல விற்பனையாளர் தம் பக்கத்திலே தந்திருப்பார். இவற்றுள் மொத்த உயரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அது இரண்டு மில்லிமீற்றர் பிசகினால், தட்டு கலிப்பரின் நடுவில் நில்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அளவு எதையும் தராமல் பளபளப்பான படத்தை மட்டும் தரும் விற்பனையாளரிடம் பாடல் பதிவுகள் வாங்கலாம், பிறேக்கு வாங்கலாகாது.

பழைய நாலு சில்லு இழுவைக் கெப் வைத்திருப்போர் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளவேண்டும். புதிய வாகனங்களில் தட்டு குடத்தின் வெளிப்புறத்திலிருந்து தொப்பிபோலப் பொருத்தப்பட்டிருக்கும். சில்லைக் கழற்றிக் கலிப்பரை அகற்றினால் கையோடு வந்துவிடும். பழையவை சிலவற்றிலோ தட்டு குடத்தின் பின்புறம் ஆணியிட்டு முடுக்கப்பட்டிருக்கும். அதை மாற்றுவதற்குக் குடத்தையே வெளியே இழுக்கவேண்டும். பெயாரிங்குகளையும் எண்ணெய்த் தடுப்பு வளையங்களையும் கழற்றிப் பூட்டவேண்டும். அது வீட்டு முற்றத்து வேலையன்று.

தரத்தைப் பற்றி ஒரு சொல். போலிகள் எல்லா இடத்திலும் உண்டு. பேர்பெற்ற கம்பனியின் பெட்டியை அச்சிடுவது, நல்ல இரும்பை வார்ப்பதைவிட இலகு. ஐரோப்பியச் சந்தைக்கான மாற்றுத் தட்டுகளுக்கு ஐக்கிய நாடுகளின் 90ஆம் இலக்கப் பிரமாணம் என்றொரு விதி இருக்கின்றது. அதன்படி சோதிக்கப்பட்ட தட்டில் ஒரு வட்டத்துள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். முத்திரையும் போலியாகலாம் என்பது உண்மை. எனினும் முத்திரையும் இல்லை, குறைந்தபட்சத் தடிப்பும் பொறிக்கப்படவில்லை, வார்த்தவர் பெயரும் இல்லை என்றால், அந்தத் தட்டைப் பூட்டாதிருப்பதே உத்தமம். துளையிட்டும் கீறலிட்டும் அலங்காரமாக விற்கப்படும் தட்டுகள் இளைஞர்களை மயக்குகின்றன. சுமையேற்றி மலையிறங்குபவருக்கு அவற்றால் ஆவது சொற்பம். வெப்பத்தில் விரிந்து சுருங்கும் இரும்பிலே வெடிப்பு அந்தத் துளைகளின் ஓரத்திலிருந்தே தொடங்குவது வழக்கம். துளையில்லாத, நடுவே காற்றோடும் சாதாரணத் தட்டே நமக்குப் போதும்.

விலையை ஒப்பிடும்போது தட்டு இரும்பென்பதை மறந்துவிடுதல் கூடாது. ஓர் இணை பதினாறு, இருபது கிலோகிராம் வரும். வெளிநாட்டிலிருந்து வருவதாயின் ஏற்றுக்கூலியும் சுங்கத் தீர்வையும் சேரும். பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்ப எண்ணினால், அனுப்பும் கூலி தட்டின் விலையை விழுங்கிவிடும். ‘திருப்பி எடுத்துக்கொள்வோம்’ என்று விற்பனையாளர் எழுதியிருக்கும் வாக்குறுதி, ஊசிக்கும் நூலுக்கும் பொருந்துவதுபோல இரும்புக்குப் பொருந்தாது. ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையுமே வாங்கவேண்டும். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்றிருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கக்கூடும். உராய்வுக் கட்டைகளும் அப்படியே. பழைய கட்டையின் தேய்வுக் கோடுகள் புதிய தட்டைக் கெடுக்கும்.

பொதி வந்துவிட்டது. கையொப்பமிட்டவுடன் உள்ளே தூக்கிச் செல்லாதீர்கள். வழியிலே எத்தனை தடவை எறியப்பட்டதோ யார் அறிவார்? பிரித்து, விளிம்பிலே அடிபட்ட தழும்போ மயிரிழை வெடிப்போ இருக்கின்றதா என வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் நல்ல வார்ப்பிரும்பு மணிபோல ஒலிக்கும். வெடித்தது மழுங்கலாக ஒலிக்கும். மண்பானை வாங்கத் தெரிந்த நம் தாய்மாருக்கு இந்தச் சோதனை புதிதன்று. பின்பு பழைய தட்டைக் கழற்றுவதற்கு முன்பாகவே, ஆறு அளவுகளையும் புதியதில் எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளவேண்டும். வண்டியைக் கழற்றிப் போட்ட பின்பு பொருந்தவில்லை என்று கண்டால், அவசரத்தில் ‘சற்று அராவினால் சரியாகும்’ என்ற எண்ணம் தலைகாட்டும். அந்த எண்ணத்துக்கு இடங்கொடுத்தல் ஆபத்து.

பூட்டும் வேலையைத் தேர்ந்த திருத்துநரிடம் விடுவதே பொதுவாகச் சிறந்தது. ‘பாஸ்’ என்று நாம் மரியாதையாக அழைக்கும் அவர்களுள் சிலர், வெளியே வாங்கிய பாகமென்றால் முகம் சுளிப்பார்கள். அதிலும் நியாயம் உண்டு; பாகம் பிழைத்தால் பழி தம்மேல் விழும் என்பது அவர்களுடைய அச்சம். கட்டளை அனுப்புமுன்பே அவரிடம் இலக்கத்தைக் காட்டிக் கேட்டுவிட்டால், அந்த மனக்கசப்பும் நீங்கும். பஞ்சிகாவத்தைக் கேள்விகளைக் கேட்பதற்கு ஓர் ஆளும் கிடைக்கும்.

தாமே செய்யும் திறனுள்ளோர், வண்டியை ஜக்கின்மேல் மட்டும் நிறுத்தி அடியிற் கைவைத்தல் கூடாது. உறுதியான தாங்கிகளும் பின்சில்லுகளுக்கு முட்டுக்கட்டைகளும் வேண்டும். கழற்றிய கலிப்பரை றப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைக்கவேண்டும். பழைய தட்டு கறளாற் குடத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால், ஓங்கி அடிப்பதற்கு முன் அதன் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலான யப்பானிய வண்டிகளில், புரியிட்ட இரண்டு சிறு துளைகள் இருக்கும். எட்டு மில்லிமீற்றர் ஆணிகள் இரண்டை அவற்றில் மாறிமாறி முறுக்கினால், தட்டு தானே கிளம்பி வந்துவிடும். பிறேக்குத் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவேண்டாம். பழைய கட்டைகள் பலவற்றிலே அஸ்பெஸ்டஸ் சேர்க்கப்பட்டிருந்தது. அது நுரையீரலுக்குப் பகை. ஈரத் துணியால் துடைப்பதே முறை.

இனி நான் சற்று நின்று விளக்கவேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறேன். இணையத்தில் வாங்கிய தட்டுகளைப் பற்றி எழும் முறைப்பாடுகளிலே அடிக்கடி கேட்பது இது: ‘பூட்டியபோது நன்றாக இருந்தது, சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் பிறேக்குப் பிடிக்கையில் சுக்கான் நடுங்குகிறது, தட்டு கோணிவிட்டது, மலிவுச் சாமான்.’ மலிவுச் சாமானாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி தட்டன்று. தட்டு உட்காரும் குடத்தின் முகத்திலே சுரண்டாமல் விடப்பட்ட கறள்தான்.

அது நிகழும் விதத்தைக் கேளுங்கள். குடத்துக்கும் தட்டுக்கும் நடுவே கறட்பொருக்கு ஒன்று அகப்பட்டுக்கொள்கின்றது. தட்டு மிக மிகச் சிறிதளவு சாய்ந்து உட்காருகின்றது. சுழலும்போது அதன் விளிம்பு ஒரு மயிரிழை இப்புறமும் அப்புறமும் ஆடுகின்றது. பல வாகனங்களுக்கு இந்த ஆட்டத்தின் எல்லை ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஐந்து பங்கு அளவிலேயே வைக்கப்பட்டிருக்கின்றது. மனிதனின் தலைமயிர் அதைவிடத் தடிப்பு. தொடக்கத்தில் சாரதிக்கு எதுவும் தெரியாது. ஆனால் பிறேக்குப் பிடிக்காத வேளையிலும், ஆடும் அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் கட்டையை ஒருமுறை உரசிச் செல்லும். உரசிய இடம் மட்டும் மெலியும். நாளடைவில் தட்டு ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் ஆகிவிடும். அப்போது மிதியை அழுத்தினால், அந்த ஏற்றத்தாழ்வு கலிப்பரின் முசலத்தை முன்னும் பின்னும் தள்ள, மிதியும் சுக்கானும் நடுங்கும். தட்டைக் கழற்றிச் சமதளத்தில் வைத்துப் பார்த்தால் கோணல் எதுவும் இராது. உரிமையாளர் விற்பனையாளரைத் திட்டி, மறுபடியும் புதிய தட்டு வாங்கி, அதே கறளின்மேல் அதனையும் பூட்டுவார்.

இதைத் தடுப்பதற்கு வேண்டியது கம்பித் தூரிகையும் பத்து நிமிடப் பொறுமையும். குடத்தின் முகத்தை, சில்லாணிகளின் அடிவரை, வெள்ளை இரும்பு தோன்றுமட்டும் தேய்க்கவேண்டும். டயல் மானி வைத்திருப்பவர் தட்டைப் பூட்டியபின் அதன் ஆட்டத்தை அளந்து பார்ப்பார்; அத்தகைய கராஜ் கிடைத்தால் விடாதீர்கள். சில்லுச் சுரைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி முடுக்காமல், எதிரெதிராக, கைந்நூலில் குறித்த அளவுக்கு ‘டோர்க்’ சாவியால் முடுக்கவேண்டும். காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி முடுக்குவதும் தட்டைச் சாய்த்துவிடும்.

புதிய தட்டின் முகத்திலே கறள் பிடியாதிருக்க எண்ணெய் பூசி அனுப்பியிருப்பார்கள். அதைப் பிறேக்குத் துப்புரவாக்கும் திரவத்தால் முற்றாகத் துடைக்காவிட்டால், எண்ணெய் கட்டைக்குள் ஊறிவிடும். அதன் பின் அந்தக் கட்டை எறியத்தான் உதவும். தடிப்பான புதிய கட்டைகளுக்கு இடங்கொடுக்க முசலங்களைப் பின்னே தள்ளும்போது, பிறேக்குத் திரவம் மேலே தொட்டியில் உயர்ந்து வழியும்; நிறப்பூச்சில் பட்டால் அதை உரித்துவிடும்.

திரவத்தைத் தொட்டுவிட்டோமாகையால் அதையும் சொல்லிவிடுகிறேன். தட்டும் கட்டையும் புதிதாயிருந்து, திரவம் பழையதாயிருந்தால், மலை இறக்கத்திலே பயன் குறைவு. ‘டொட் 3’ என்னும் திரவம் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாதிருக்கவேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஊறியபின் 140 பாகையே அதற்கு விதிக்கப்பட்ட எல்லை. ‘டொட் 4’ திரவத்துக்கு அந்த எண்கள் 230உம் 155உம். இறம்பொடை வளைவுகளிலே தட்டின் சூடு கட்டை வழியாகவும் முசலம் வழியாகவும் ஏறித் திரவத்தைக் கொதிக்கச் செய்தால், குழாயினுள் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி தடையின்றித் தரைவரை போகும், வண்டி நில்லாது. தட்டு மாற்றும் நாளிலேயே திரவத்தையும் மாற்றிவிடுதல், அதற்காகும் சிறு செலவைப் பார்க்கப் பெரும் இலாபம்.

எல்லாம் பூட்டி முடிந்தபின், இயந்திரத்தை இயக்கி, வண்டியை நகர்த்துவதற்கு முன்பே மிதியைப் பல தடவை அழுத்தவேண்டும். பின்தள்ளிய முசலங்கள் முன்னே வந்து கட்டையைத் தொடும்வரை, முதல் அழுத்தத்தில் பிறேக்கே இராது. கராஜ் வாசலிலேயே சுவரில் மோதிய வண்டிகள் பல, இதை மறந்தமையால் மோதியவை.

புதிய தட்டும் புதிய கட்டையும் ஒன்றோடொன்று பழகவேண்டும். போக்குவரத்தற்ற சமதரை வீதியிலே, மணிக்கு 60 கிலோமீற்றரிலிருந்து 20 வரை, மிதமான அழுத்தத்தோடு எட்டுப் பத்துத் தடவை வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு தடவைக்கும் இடையே சற்றுத் தூரம் ஆறவிட்டு ஓடவேண்டும். சூடான தட்டை முற்றாக நிறுத்தி மிதியை அழுத்தியபடியே வைத்திருக்கலாகாது. கட்டையின் அச்சு தட்டிலே பதிந்துவிடும். முதல் 300 கிலோமீற்றருக்குச் சுமை குறைவாக இருப்பது நன்று. மாலையில் தட்டைப் பூட்டி, இரவே மரக்கறி ஏற்றி, விடியுமுன் புசல்லாவையால் இறக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. சந்தைக்கு நேரமாகிறது என்பார்கள். ஒருநாள் சந்தையை விட்டுக்கொடுக்க முடியாதவர் தட்டு மாற்றும் நாளையாவது போயா விடுமுறைக்கு ஒத்திவைக்கலாம்.

நூறு கிலோமீற்றர் ஓடியபின் சில்லுச் சுரைகளை மறுபடியும் ஒருமுறை அளந்து முடுக்கிக்கொள்ளுங்கள். பொதியின் பெட்டியிலே ஒட்டியிருந்த இலக்கச் சீட்டைக் கிழித்தெறியாமல், பூட்டிய திகதியையும் மானியின் கிலோமீற்றர்க் கணக்கையும் அதன்மேல் எழுதி, வாகனப் பதிவுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். அடுத்த தடவை கட்டளை அனுப்பும்போது தேடவேண்டிய இலக்கம் அதுவே. பழைய தட்டுகளையும் உடனே பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட வேண்டாம். புதியவை ஓராயிரம் கிலோமீற்றர் நடுக்கமின்றி ஓடுமட்டும் அவை கராஜின் ஒரு மூலையில் கிடக்கட்டும். ஏதேனும் பிசகென்றால், அளந்து ஒப்பிடுவதற்கு அவையே கையில் இருக்கும் சாட்சி.